கோவளத்து மீன், கேளம்பாக்கத்துத் தட்டு

கேளம்பாக்கம் கடலோர ஊர் அல்ல. கடல் இங்கிருந்து கிழக்கே நான்கைந்து கிலோமீட்டர் தள்ளிக் கோவளத்தில் இருக்கிறது. நடுவில் உப்பங்கழி, உப்பளம், பக்கிங்ஹாம் கால்வாய் மூன்றும் குறுக்கே கிடக்கின்றன. திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த இந்த ஊரில் பழைய மாமல்லபுரம் சாலையோடு மேற்கிலிருந்து வண்டலூர் சாலையும் கிழக்கிலிருந்து கோவளம் சாலையும் வந்து சேர்கின்றன. இங்கே மீன்கடைகளும் மீன் சாப்பாட்டுக் கடைகளும் பெருகியதற்குக் கடலைவிட இந்தச் சாலைகளே காரணம். பிடித்த மீன் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அதற்குள் அது எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதைப் பொறுத்தே யார் பச்சை மீன் சாப்பிடுகிறார்கள், யார் கருவாடு சாப்பிடுகிறார்கள் என்பது முடிவாகும். செங்கல்பட்டுக் கரையோர மீன் உணவின் வரலாறும், தலைச்சுமையில் தொடங்கி ஐஸ் பெட்டி வரை, மீன் பயணம் செய்த வரலாறுதான்.

இக்கரையில் வழிப்போக்கருக்கு மீன் பரிமாறிய செய்தி பத்துப்பாட்டிலேயே இருக்கிறது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினம் வழியாகப் போகும் பாணருக்கு நெய்தல் நிலத்துக் குடிகளில் கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும் என்கிறது. எயிற்பட்டினத்தை ஆய்வாளர்கள் மரக்காணம் பகுதியோடு பொருத்திப் பார்க்கின்றனர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலும் வலைஞர் குடியிருப்பில் விருந்துக்குச் சுட்ட மீன் உண்டு. ஆனால் அதே பாட்டில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினத்தில் விருந்தாளிக்குக் கிடைப்பது மீன் அல்ல. கள் வடித்த கழிவைத் தின்று கொழுத்த பன்றியின் கறி. நீர்ப்பெயற்றை மாமல்லபுரம் என்று கருதுவோர் உண்டு. துறைமுகம் என்றாலே வறுத்த மீன் என்று வண்டியேறும் இன்றைய பயணி இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். மீனவர் குடிசையில் அன்றாடச் சோறோடு சேர்ந்ததாக இருந்த மீன், பணம் புழங்கிய பட்டினத்தில் பெருமைக்குரிய உணவாக இருக்கவில்லை போலும். கல்பாக்கத்துக்குத் தெற்கே வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. குடிக்கும் பொருள் கடல் கடந்து வந்தது. தின்னும் பொருள் பக்கத்தில் கிடைத்தது.

உப்புக்கும் மீனுக்கும் நெல்லை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் சங்கப் பாடல்களில் பலமுறை வருகிறது. கடற்கரைக்குச் சோறு வேண்டும், உள்நாட்டுக்கு உப்பும் மீனும் வேண்டும். செங்கல்பட்டின் ஏரிப்பாசனக் கிராமங்களுக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் இடையே இந்தப் பண்டமாற்று காசு பெருகிய பிறகும் நெடுங்காலம் நீடித்தது. அறுவடைக் காலத்தில் மீன்கூடையோடு போய் நெல்லோடு திரும்புவது கடலோரத்துப் பெண்களின் வழக்கமான வேலை.

கோவளத்தின் அரசியல் வரலாறு சிறியது. 1720களில் இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆஸ்டெண்ட் கம்பெனி இங்கே ஒரு வணிகக்கூடம் நடத்தியது. ஆற்காட்டு நவாப்பின் காலத்தில் ஒரு கோட்டை எழுந்தது. அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1752இல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்து வெடிவைத்துத் தகர்த்தார். அதன்பின் கோவளம் பெரிய துறைமுகமாகும் வாய்ப்பே இல்லாமல் போனது. மீன் சாப்பிடுவோரைப் பொறுத்தவரை அது நல்லதாகவே முடிந்தது. இங்கே கட்டுமானத் துறைமுகம் இல்லை. ஆகவே விசைப்படகுகள் நிற்க இடமில்லை. மணலில் இழுத்து ஏற்றக்கூடிய சிறு படகுகள் மட்டுமே இங்கிருந்து கடலுக்குப் போகின்றன. நாள்கணக்கில் கடலில் தங்கி ஐஸில் அடுக்கிக் கொண்டுவரும் மீன் இந்தக் கரையில் இறங்குவதில்லை. போன படகு சில மணி நேரத்தில் திரும்பிவிடும். கோவளத்து மீனுக்கு இருக்கும் பேருக்கு அடிப்படை இதுதான்.

சென்னை முதல் நாகை வரையுள்ள கரையில் மீன்பிடிப்பவர்கள் பெரும்பாலும் பட்டினவர் சமூகத்தினர். அவர்களுடைய பழைய கலம் கட்டுமரம். மிதக்கும் தன்மையுள்ள மரங்களைச் சீவி, வரிசையாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, கரை திரும்பியதும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். அலை அடித்து உடைக்க அதில் தளம் இல்லை, தண்ணீர் நிரம்ப உள்ளும் இல்லை. சோழமண்டலக் கரையின் முரட்டு அலைகளுக்கு அதைவிடத் தோதான கலம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. விடியுமுன் தரையிலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துப் போவார்கள். மதியம் கடற்காற்று எழுந்ததும் அதே பாயில் திரும்புவார்கள். எந்த நேரத்தில் மீன் கரைக்கு வரும் என்பதைக் காற்றுதான் தீர்மானித்தது. அதனால்தான் கடலோர வீடுகளில் மீன் குழம்பு ராச்சாப்பாடாக இருந்தது. மறுநாள் காலை பழைய சோற்றுக்கு அந்தச் சட்டியின் மிச்சம். ஒரு நாள் ஊறிய குழம்புக்குத்தான் ருசி என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ருசி கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான்.

கடலில் எந்த வலையை எந்தப் பருவத்தில் போடலாம், கரைவலை இழுக்க யாருக்கு எந்த முறை என்பதையெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்தது. வருமானம் பங்குமுறையில் பிரிந்தது: கலத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. எஞ்சின் வந்தபின் அதற்கும் ஒரு பங்கு சேர்ந்தது. பங்கு பிரிக்குமுன் அவரவர் வீட்டுக் குழம்புக்குக் கொஞ்சம் எடுத்துவைப்பதும் உண்டு. கடலுக்குப் போவது ஆண்கள் வேலை. கரையேறிய நிமிடத்திலிருந்து மீன் பெண்கள் கையில். இந்தப் பிரிவினை மிகப் பழையது, இன்றும் முழுதாக மாறவில்லை.

கோவளத்து மணலில் ஏலம் நடப்பதைப் பார்த்தால் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் விளங்கும். படகு மணலைத் தொட்டதும் வலையைக் கீழே இறக்கி, கண்ணிகளில் சிக்கிய மீன்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறார்கள். வகைவாரியாகக் கூறு கட்டுகிறார்கள். தராசு கிடையாது. கூற்றைக் கண்ணால் அளந்து, எத்தனை கிலோ தேறும், இன்று உள்ளூரில் என்ன விலைக்குப் போகும், கூலியும் ஐஸும் போக என்ன மிஞ்சும் என்று மனக்கணக்குப் போட்டு விலை கேட்கிறார்கள். நொடியில் முடியும் இந்தக் கணக்கில் தவறினால் அன்றைய நாள் நட்டம். ஏலம் எடுத்த பெண் அதே மீனைப் பின்னர் சில்லறைக்கு விற்கும்போது மறுபடி கூறு போடுகிறாள். ஒரு கூறு பத்துப் பன்னிரண்டு சங்கரா, பேரம் பேசினால் மேலே ஒரு கிழங்கான். கிலோக் கணக்கு கடற்கரைக்கு வந்தது பிற்காலத்தில், நகரத்து வாடிக்கையாளரோடு.

தலைச்சுமையாக ஒரு பெண் எவ்வளவு தூரம் போவாள்? கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர், புதுப்பாக்கம் வரை. அதற்கு அப்பால் பச்சை மீன் போகாது. கோவளத்திலிருந்து புறப்படுபவர்கள் கழியைக் கடந்து வர வேண்டும். இந்த எல்லைக்கு அப்பால் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சந்தைகளுக்குப் போனது கருவாடு. சந்தைக்கு வாராவாரம் ஒருநாள் வரும் பொருளாக அது இருந்தது. உள்நாட்டுக் கிராமங்களில் பச்சை மீன் என்றால் ஏரிமீன்: கெண்டை, கெளுத்தி, விரால். கடல்மீன் அங்கே கருவாட்டுக் குழம்பாக மட்டுமே அறியப்பட்டது.

கருவாட்டின் கதை உப்பின் கதையோடு சேர்ந்தது. கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்கள் கழிநீரைப் பாத்திகளில் கட்டி வெயிலில் காய்ச்சி உப்பெடுப்பவை. பாத்திக்கும் மீன் காயும் மணலுக்கும் இடையே கூப்பிடு தூரம்தான். ஆனால் 1805இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பக்கத்தில் விளையும் உப்பை மீனவர் வரி கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே: உப்புமண்ணைச் சுரண்டிப் பூசினார்கள், உப்பே போடாமல் வெறும் வெயிலில் காயவைத்தார்கள், அரைகுறையாகக் காய்ந்தது அழுகி நாறியது. இந்திய மீன்வளத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் டே 1873இல் வெளியிட்ட கடல்மீன் அறிக்கையில் உப்பு வரி மீன் பதப்படுத்தும் தொழிலை எப்படி நசுக்குகிறது என்று விரிவாக எழுதினார். அந்தப் பத்தாண்டிலேயே மாகாணக் கரையோரத்தில் அரசு மீன் உப்பிடும் முற்றங்கள் தோன்றின. வேலி போட்ட இடம், உள்ளே அரசு ஊழியர், வரியில்லா உப்பு. முற்றத்துக்குள்ளேயே மீனை உப்பிட்டு உலர்த்தியபின் வெளியே கொண்டுபோகலாம். மீனைக் காப்பதற்காகவும், வரியில்லா உப்பு வேறு சமையலறைக்குப் போய்விடாமல் காப்பதற்காகவும் வேலி. 1947இல் உப்பு வரி ஒழிந்ததும் இந்த முற்றங்களுக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று.

அடுத்த வாகனம் கால்வாய். சென்னைக்கு வடக்கே 1806இல் பேசில் காக்ரேன் வெட்டத் தொடங்கிய கால்வாய், பல கட்டங்களாக நீண்டு, தெற்கே கோவளம் கழியின் வழியாக மரக்காணம் பக்கம் வரை போனது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னை நகரப் பகுதி வெட்டப்பட்டு வடக்கும் தெற்கும் இணைந்தன. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் பெயர் அதற்கு வந்தது. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே போகும் இந்த நீர்வழியில் உப்பும், சவுக்கு விறகும், கருவாடும் படகேறிச் சென்னைக்குப் போயின. படகைக் கழி ஊன்றியும் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் செலுத்தினார்கள். அவசரமில்லாத பயணம் அது. பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ கவிதை இக்கால்வாய்ப் படகுப் பயணத்தைப் பாடுவது. கால்வாய் கெடாத சரக்குக்கு ஏற்ற வழி. பச்சை மீனுக்கு ஒத்துவராது. கால்வாயால் கருவாட்டு வியாபாரம் பெருகியது. பச்சை மீனின் எல்லை ஓரடிகூட நகரவில்லை. 1960களின் புயல்களும் லாரிப் போக்குவரத்தும் கால்வாயை முடக்கின.

கடலைப் பற்றியே பேசுகையில் கழி மறந்துபோகிறது. முட்டுக்காட்டில் முகத்துவாரம் கொண்ட இந்த உப்பங்கழி கரைக்கு இணையாக நீண்டு கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் மணல்திட்டை உடைத்துக் கடலோடு கலக்கும். கோடையில் வாய் தூர்ந்துவிடும், நீர் கடலைவிடக் கரிக்கும். வாய் திறந்திருக்கும் மாதங்களில் இறால் குஞ்சும் மடவையும் கொடுவாயும் உள்ளே ஏறி வளர்கின்றன. கேளம்பாக்கத்துக்குக் கடல்மீன் வருமுன்பே கழிமீன் வந்திருக்க வேண்டும். அதற்குக் கூடை சுமந்து வெகுதூரம் நடக்க வேண்டியதில்லை.

கழியில் இறால் தேடுவோரில் இருளர் முக்கியமானவர்கள். இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடிக்கிறார்கள். பனையோலையில் முடைந்த பறியை வாயால் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதற்குள் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பல்தான் மூன்றாவது கை. வலை வேண்டாம், படகு வேண்டாம். பல மணி நேரம் உப்புநீரில் ஊறிய தோலும், இறால் கொம்பு குத்திய விரல்களும்தான் முதலீடு. இப்படிப் பிடித்த இறால் உயிரோடு கரைக்கு வரும். ருசியில் அதற்கு நிகர் இல்லை என்று விவரமறிந்தவர்கள் சொல்வார்கள். உணவகத்துப் பட்டியலில் ‘இறால் தொக்கு’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும் பண்டத்துக்குப் பின்னால் இந்த உழைப்பு இருந்த காலம் உண்டு.

இருந்த காலம் என்று சொல்லக் காரணம், இன்று தட்டில் இருக்கும் இறால் பெரும்பாலும் குளத்து இறால். 1990களின் தொடக்கத்தில் கிழக்குக் கரை முழுதும் இறால் பண்ணைகள் காளான்போல் முளைத்தன. வெண்புள்ளி நோய் வந்து பல பண்ணைகள் அழிந்தன. நிலமும் குடிநீரும் உவர்ப்பாவதாகச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அத்தகைய பண்ணைகளைத் தடைசெய்தது. பின்னர் 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து தொழில் மறுபடி ஒழுங்குக்கு உட்பட்டது. 2009இல் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி இறாலை வளர்க்க அனுமதி கிடைத்ததும் சந்தை அதன் வசமாயிற்று. கொடுவாயின் கதையிலும் இப்பகுதிக்குப் பங்குண்டு. 1987இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையத்தின் களநிலையம் முட்டுக்காட்டில் கழியோரமாக இருக்கிறது. 1997இல் கொடுவாயைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வதில் இந்நிறுவனம் வெற்றி கண்டது. மழைவெள்ளத்துக்குக் காத்திருந்த மீன் பொரிப்பகத் தொட்டியில் பிறக்கத் தொடங்கியது.

இனி, கடையில் உட்கார்ந்து மீன் சாப்பிடும் வழக்கம். வீட்டுக்கு வெளியே காசு கொடுத்து மீன் தின்ற மிகப் பழைய இடம் கள்ளுக்கடைதான். எயிற்பட்டினத்துக் காலத்திலிருந்தே கள்ளும் சுட்ட மீனும் இணைபிரியாதவை. சென்னை மாகாணத்தில் 1948இல் மதுவிலக்கு முழுமையானபோது கள்ளுக்கடையோடு அதன் சமையலும் போயிற்று. 1971இல் மதுவிலக்குத் தளர்ந்து, 1974இல் மறுபடி இறுகி, 1987 முதல் கள் நிரந்தரமாகத் தடையானது. கேரளத்தில் கள்ளுக்கடை மீன்கறி தனியொரு சமையல் மரபாக வளர்ந்து இன்று சுற்றுலாப் பெருமையாகவும் நிற்கிறது. தமிழ்க் கரையில் அந்த மரபு தொடர்ச்சி அறுந்தது. அந்த இடத்தை ஓரளவு நிரப்பியவை நகரங்களின் மிலிட்டரி ஹோட்டல்கள். ஆனால் அவற்றின் நாயகன் ஆட்டுக்கறி. மீன் ஓரத்தில் ஒரு துண்டு வறுவலாகவும் சோற்றுக்கு ஊற்றும் குழம்பாகவும் மட்டும் இருந்தது.

கடலுணவு என்று தனியே பெயர் சூட்டி இக்கரையில் பரிமாறத் தொடங்கியது வசதிபடைத்தவர்களுக்காக. 1974இல் கோவளத்தில் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் திறக்கப்பட்டது. பழைய கோட்டை எச்சங்களின் மேல் அது எழுந்ததாகச் சொல்வார்கள். மீனவர் கரையில் இறக்கிய மீனை அருகிலேயே மேசை விரித்து உண்ணலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. அதே காலகட்டத்தில் மாமல்லபுரத்துக்கு முதுகுப்பையோடு வந்து வாரக்கணக்கில் தங்கிய வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஒத்தவாடைத் தெருவிலும் கடற்கோயிலுக்கு வடக்கேயுள்ள மீனவர் குடியிருப்பிலும் சிறு உணவகங்கள் தோன்றின. அங்கே உருவான ஒரு வழக்கம் பின்னால் கரை முழுதும் பரவியது: உணவுப் பட்டியலுக்குப் பதிலாக ஒரு தட்டில் அன்றைய பச்சை மீன்களை அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டுவது. வாடிக்கையாளர் கைகாட்டும் மீனை எடைபோட்டு, விலை பேசி, பிறகு சமைக்கிறார்கள். பார்க்கப்போனால் இது கடற்கரை ஏலத்தின் சிறிய வடிவம்.

அந்தத் தட்டின் நடுவில் சிங்கி இறால் இருந்தது. பாறைப்பாங்கான கோவளம், மாமல்லபுரம் கடலில் கிடைக்கும் அதை உள்ளூர்க்காரர் முன்பு பெரிதாக மதித்ததில்லை. ஏற்றுமதியும் வெளிநாட்டு வாயும் சேர்ந்து அதன் விலையை உயர்த்தின. விலை உயர்ந்ததும் விரலளவுக் குஞ்சுகள்கூடத் தப்பவில்லை. 2003இல் மத்திய அரசு ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச எடையை இனவாரியாக நிர்ணயித்தது. இக்கரையில் மிகுதியாகக் கிடைக்கும் வகைக்கு அது 200 கிராம். ஆனால் அந்த விதி ஏற்றுமதிக்கானது. உள்ளூர் உணவகத் தட்டுக்கு அது பொருந்தாது என்பது அதன் பெரிய ஓட்டை.

சாதாரணக் குடும்பம் கடற்கரையில் மீன் தின்னத் தொடங்கியது வேறு வழியில். முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக்குழாம் 1984இல் வந்தது. தட்சிணசித்ரா 1996இல் திறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலப்பட்டு 2002இல் சுங்கச்சாலையானது. ஞாயிற்றுக்கிழமை கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரத் தொடங்கியதும், மீன் விற்ற பெண்கள் சிலர் மண்ணெண்ணெய் அடுப்பும் தோசைக்கல்லும் வைத்தார்கள். மீனவப் பெண்ணுக்கு இது பெரிய மாற்றம். அதுவரை அவள் மீனைத் தூக்கிக்கொண்டு சாப்பிடுகிறவரைத் தேடிப் போனாள். இப்போது சாப்பிடுகிறவர் அவளைத் தேடி வந்தார். பச்சையாக விற்றால் ஒரு விலை, மசாலா தடவி வறுத்தால் அதைவிடப் பல மடங்கு. விற்காத மீன் கருவாடாகும் என்ற பழைய காப்பீடும் கூடவே இருந்தது.

2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கடைகளையும் படகுகளையும் சேர்த்தே வாரிப்போனது. கடலில் பிணங்கள் மிதந்ததால் மீன் உண்ணக்கூடாது என்ற பேச்சு பரவி, உயிர்தப்பிய மீனவர் பிடித்த மீனையும் வாங்க ஆளில்லாத வாரங்கள் தொடர்ந்தன. பின்னர் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கரையை நிறைத்தன. ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த கட்டுமரம் அத்தோடு அரிதாகிவிட்டது. எஞ்சின் வந்தபின் மீன் கரைசேரும் நேரத்தைக் காற்று தீர்மானிப்பதில்லை. விடிகாலையில் மீன் இறங்குகிறது, காலை ஏழு மணிக்குள் கேளம்பாக்கத்துக்கு வந்துவிடுகிறது.

கேளம்பாக்கம் உண்பவர்களின் ஊராக மாறியது இதற்குப் பிறகுதான். 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தபின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. சிறுசேரியில் சிப்காட் பூங்கா எழுந்தது. 2008இல் ஆறுவழிச் சாலை பயன்பாட்டுக்கு வந்து ராஜீவ் காந்தி சாலை ஆயிற்று. படூர், கேளம்பாக்கம், வண்டலூர் சாலைப் பகுதிகளில் கல்லூரிகளும் மருத்துவமனையும் விடுதிகளும் அடுக்குமாடிகளும் பெருகின. சமைக்க நேரமில்லாத, ஆனால் ஊர்ச் சமையலை நாக்கு மறக்காத ஆயிரக்கணக்கானோர் ஒரே முனையில் கூடினர். தென்மாவட்டத்தார், ஆந்திரத்தார், மலையாளிகள், வங்காளிகள் என ஒவ்வொருவருக்கும் மீனில் ஒரு பிடிப்பு உண்டு. சாலையோரக் கூடைக்காரர் பக்கத்தில் ஐஸ் பெட்டிக் கடை, அதன் பக்கத்தில் வெட்டித்தரும் மேடை, அதை ஒட்டி நான்கு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை என்று தொழில் அடுக்கடுக்காக வளர்ந்தது. வாங்கிய மீனைக் கொடுத்தால் கூலிக்குச் சமைத்துத் தரும் கடைகளும் கரையோரத்தில் உண்டு.

இத்தகைய கடையின் மதியச் சாப்பாட்டுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. வாழையிலையில் சோறு, பொரியல், அப்பளம். மேசைமேல் தூக்குவாளிகளில் மீன் குழம்பு, நண்டுக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, கோழிக் குழம்பு. எது வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் குழம்பில் துண்டு இருக்காது. துண்டு வேண்டுமென்றால் தனிக்காசு. வறுவல் தட்டு மேசையைச் சுற்றி வரும்: கட்டை விரல் தடிமனில் வஞ்சிரத் துண்டு, முதுகில் கத்திக்கீறல் போட்ட முழு சங்கரா, வளையமாக நறுக்கிய கடம்பா, கைப்பிடி நெத்திலி. மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சை, பிடிப்புக்குக் கொஞ்சம் மாவு. கடைக்குக் கடை இதில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு மீனில் இருக்கிறது. சுறாப்புட்டு மட்டும் குப்பத்து வீடுகளிலிருந்து நேராகக் கடைக்கு வந்து மரியாதை பெற்றது. காரப்பொடி, கவலை போன்ற மலிவு மீன்கள், சத்திலும் ருசியிலும் எதற்கும் குறையாதவை, மீனவர் வீட்டைத் தாண்டிக் கடைத்தட்டுக்கு வரவே இல்லை. முள் எடுக்கப் பொறுமையில்லாத வாடிக்கையாளரால் அவை தோற்றன. ஆளுக்கொரு வஞ்சிரம் என்ற இன்றைய பழக்கம் கடலுக்கும் நல்லதல்ல, பணப்பைக்கும் நல்லதல்ல.

வியாபார நாள்காட்டியும் கடலைவிடக் கோயிலைச் சார்ந்தது. ஞாயிறு உச்சம், செவ்வாய், வெள்ளி மந்தம். புரட்டாசியில் கூடைகள் பாதியாகும். கார்த்திகையில் மாலை போட்டவர்களால் மறுபடி சரிவு. ஆடியில் கூழோடு கருவாட்டுக் குழம்புக்குத் தனி மவுசு. கோவளத்தில் தர்காவும் மாதா கோயிலும் இருப்பதால் அங்கே இந்தச் சரிவுகள் கேளம்பாக்கத்து அளவுக்குத் தெரிவதில்லை.

2018இல் மீனில் ஃபார்மலின் கலப்பதாக எழுந்த அச்சம் வியாபாரத்தில் ஒரு புதிய வேறுபாட்டைக் கூர்மையாக்கியது: ஐஸ் மீன், கரை மீன். கேளம்பாக்கத்தில் விற்பதெல்லாம் கோவளத்து மீன் அல்ல. கோவளத்துப் படகுகளால் இவ்வளவு வாய்களுக்கு மீன் தர முடியாது. காசிமேட்டிலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் ஐஸ் பெட்டியில் வருவது ஒரு பெரும் பகுதி. பண்ணைகளிலிருந்து வரும் வனாமியும் கொடுவாயும் இன்னொரு பகுதி. மிஞ்சியதே கோவளத்துக் கரை மீன். ஐஸ் மீன் எல்லாம் மோசம் என்பதும் தவறு. பிடித்த உடனே ஐஸில் வைத்த மீன், வெயிலில் மூன்று மணி நேரம் கூடையில் கிடந்த கரை மீனைவிட நல்லது.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் 2001 முதல் 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாளானது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இந்த நாள்களில் விசைப்படகுகள் துறைமுகத்திலேயே நிற்கும். கோவளத்தின் சிறு படகுகளுக்குத் தடை இல்லை. துறைமுக வரத்து நின்றுவிடுவதால் வஞ்சிரமும் வவ்வாலும் விலையேறும், பல கடைகளில் வேறு மாநில மீனும் இடம்பிடிக்கும். அந்த மாதங்களில் கேளம்பாக்கத்தில் சாப்பிட உட்காருகிறவர், வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்பதைவிட, இன்று காலை கோவளத்தில் என்ன இறங்கியது என்று கேட்டு அதைச் சொல்லலாம்; விலையும் குறையும், மீனும் புதிது.